பழைய மோட்டார் படகில் தண்ணீர் ஏறுகிறதா? அறிகுறியை வைத்துக் கசிவைப் பிடிக்கும் வழி

பழைய படகு விற்கிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சொல்கிற ஒரு வரி உண்டு: "எல்லாப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பதினெட்டு அடி ஃபைபர் படகு, பின்னால் வெளிப்புறம் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின். ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்து டிரெய்ன் பிளக்கை, அதாவது படகின் அடியில் தண்ணீரை வடிக்கிற துளையின் அடைப்பானை, கழற்றினால் இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் கொட்டும். தண்ணீர் தேங்கி நின்றது பின்னால், பிளக்குக்குப் பக்கத்தில். அதனால் பிளக்கை மாற்றினேன், அந்தத் துளையைச் சுற்றி சீலண்ட் பூசினேன், மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பூசினேன். கடைசியில் கசிவு இருந்தது முன்பக்கம் வலதுபுறத்தில், மேல்தட்டும் அடியுடலும் சேருகிற விளிம்பில். முந்தைய சொந்தக்காரர் எங்கேயோ இடித்திருக்கிறார், ரப்பர் பட்டைக்குப் பின்னால் இரண்டு திருகுகள் பிடிப்பு விட்டுப்போய், எதிர் அலையில் ஓட்டும்போதெல்லாம் தெறிக்கிற தண்ணீர் அந்த இடுக்கில் நுழைந்து, தரைக்கு அடியிலேயே ஓடி, சரிவு எங்கே முடிகிறதோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

தண்ணீரைப் பார்க்கிற இடத்துக்கும் அது நுழைகிற இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் எப்போது ஏறுகிறது என்பதற்கும் எங்கே ஓட்டை என்பதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதனால்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் படகு எந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கிறது என்று தெரிந்தால் நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். தெரியவில்லை என்றால் சீலண்ட் டியூபை இப்போதைக்கு உள்ளே வையுங்கள், முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். அடிப்பள்ளத்தில், அதாவது பில்ஜில், பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் தொடாதீர்கள். பம்பைப் போடாதீர்கள், சுவிட்சைத் தட்டாதீர்கள், கையில் பல்பும் ஒயருமாகக் குனியாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வெளியே போகாமல் பில்ஜிலேயே படுத்துக்கிடக்கும், ஒரு சின்னப் பொறி போதும். மூடிகளையெல்லாம் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட்டு, எரிபொருள் கசிவை முதலில் சரி செய்யுங்கள். தண்ணீர் காத்திருக்கும். அந்தத் தண்ணீரையும் வெளியே பம்ப் செய்யக் கூடாது, உறிஞ்சு துணியில் எடுத்துத் தனியாக அப்புறப்படுத்த வேண்டும்.

முதல் வேலை: முழுக்கக் காய வைப்பது

ஈரமான பில்ஜில் கசிவைத் தேடுவது வீண் வேலை. பம்பு எடுத்தது போக மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, துணியால் துடைத்து, முடிந்தால் ஒரு நாள் மூடிகளைத் திறந்து போட்டு உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பிசுக்கின் மேல் புதுத் தண்ணீரின் தடம் தெரியாது. காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் டிஷ்யூ தாளைக் கிழித்து வையுங்கள், ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் அடியில் ஒரு துண்டு. கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துத் தூவினாலும் சரி, தண்ணீர் ஓடிய பாதை கோடாகத் தெரியும். கை நுழையாத இடத்துக்கு ஃபோனில் விளக்கைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலில் ஓடுகிற படகென்றால் விரலில் தொட்டு நுனி நாக்கில் வைத்தாலே உப்பா இல்லையா என்று தெரிந்துவிடும் (எரிபொருள் வாடையோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் இந்த வேலை வேண்டாம்). உப்பில்லை என்றால் மழை, நன்னீர் டாங்க், ஐஸ் பெட்டி, இந்த மூன்றில் ஒன்று. வெதுவெதுப்பாக இருந்தால் இன்ஜின் வழியாகச் சுற்றி வந்த தண்ணீர். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று நிறமாக இருந்தால் கூலண்ட்.

அளவும் முக்கியம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதை நிதானமாகத் தேடலாம். ஆனால் நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கும் 25 மி.மீ. துளை முழுதாகத் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சின்னப் படகில் இருக்கிற பம்பு அதோடு மல்லுக்கட்ட முடியாது. பம்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது ஹோஸ் இல்லாமல், மேலே ஏற்றாமல், முழு வோல்டேஜில் அளந்தது. ஹோஸும் வளைவும் உயரமும் சேர்ந்தால் பாதியாகக்கூடக் குறையும்.

தண்ணீரில் இறக்கிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறது

டிரெய்ன் பிளக். சிரிக்க வேண்டாம், பிளக் போடாமல் இறக்குவது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது. பிளக் இருக்கிறது, ஆனாலும் கசிகிறது என்றால் அதன் ரப்பர் வாஷரைப் பாருங்கள், காய்ந்து வெடித்திருக்கும் அல்லது ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். திருகு மரையில் மணல் இருந்தாலே சொட்டும். இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் வகைப் பிளக் என்றால் ரப்பர் தளர்ந்து, இறுக்கினாலும் சும்மா சுற்றும். இதெல்லாம் சுலபம், புதிதாக வாங்கிப் போட்டால் முடிந்தது.

பலர் விட்டுவிடுகிறது பிளக்கைச் சுற்றியிருக்கும் பித்தளைத் தகட்டை. அதை இரண்டு மூன்று திருகுகள் பிடித்திருக்கும், அந்தத் திருகுத் துளைகள் வழியாகவே தண்ணீர் பின்பலகைக்குள், அதாவது டிரான்ஸத்துக்குள் போகும். சில படகுகளில் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு பித்தளைக் குழாய் செல்லும். அது வெளியே பளபளப்பாக இருந்தாலும் நடுவில் அரித்து ஊசித் துளை விழுந்திருக்கும், அல்லது விரித்து மடித்த விளிம்பில் வெடிப்பு இருக்கும். அங்கே நுழைகிற தண்ணீர் படகுக்குள் மட்டும் வராது, பின்பலகையின் நடுவில் இருக்கும் மரத்தையும் நனைத்து அழுக வைக்கும். குழாயைத் தட்டி எடுத்துவிட்டு, மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, துளையின் உள்சுவரில் எபாக்சி (கலந்து பூசினால் இறுகும் பிசின்) பூசி மூடிவிட்டு, புதுக் குழாயை சீலண்டோடு போடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் பின்பலகையையே மாற்றுகிற பெரிய செலவை இது தள்ளிப்போடும்.

கட்டியிருக்கும்போது மெல்ல மெல்ல ஏறுகிறது

இதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. ஆளில்லாத நேரத்தில் நடக்கிறது, பேட்டரி தீர்ந்தால் பம்பும் நின்றுவிடும், காலையில் வந்து பார்க்கும்போது கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் படகு. இன்ஜின் ஓடவில்லை, அலை இல்லை, ஆனாலும் தண்ணீர் வருகிறது என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. அங்கே என்னென்ன இருக்கிறதென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வாருங்கள்.

உடலைத் துளைத்துப் போகிற பொருத்துகளை, த்ரூ-ஹல் என்கிறார்களே, முதலில் பாருங்கள். பிளாஸ்டிக்கில் செய்தவை வெயிலில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், வெளியே காளான் மாதிரி இருக்கும் தலை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், கழுத்து விரிசல் விட்டிருக்கும். கையால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், ஆனால் படகு கரையில் இருக்கும்போது. தண்ணீரில் வைத்து அசைத்தால் கையோடு வந்துவிடலாம். உலோகம் என்றால் நிறத்தைப் பாருங்கள். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் உப்புத் தண்ணீரில் கரைந்து போனால் மீதி இளஞ்சிவப்பாக, உளுத்த மாதிரி இருக்கும், கத்தி நுனியால் சுரண்டினால் தெரியும். அதற்குப் பூச்சு வேலையெல்லாம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும், படகுக்கென்றே வருகிற வெண்கலப் பொருத்து போடுங்கள்.

அப்புறம் ஹோஸும் கிளாம்பும். ஹோஸை அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. கிளாம்பின் மேல்பக்கம் பளபளக்கும், அடிப்பக்கத்தில் துரு தின்றிருக்கும். அதனால் விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள், அல்லது சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸ் முனைகளில், இடமிருந்தால் இரண்டிரண்டு கிளாம்ப் போடுவது நல்லது.

இன்போர்டு, அதாவது இன்ஜின் உள்ளேயே இருக்கும் படகென்றால் ப்ரொப்பல்லர் தண்டு வெளியே போகிற இடம். பழைய வகையில் கிளாண்ட் கயிறு, அதாவது தண்ணீரை அடைக்கிற திணிப்புக் கயிறு, திணித்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழுவது சரிதான், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. நின்றிருக்கும்போது விழக் கூடாது, அல்லது அரிதாக ஒரு சொட்டு விழலாம். அதிகமாக ஒழுகினால் பூட்டு நட்டைத் தளர்த்தி, இறுக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு, தண்டை நிறுத்திய பிறகு தொட்டுப் பாருங்கள். லேசான சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், அப்படியே ஓட்டினால் தண்டில் கோடு விழுந்து இனி எப்போதும் அடைபடாது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை என்றால் கயிறு தேய்ந்துவிட்டது. பழைய கயிற்றை முழுக்கக் கொக்கி போட்டு எடுத்துவிட்டு, தண்டின் சுற்றளவுக்குத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் வெட்டு வாயும் வேறு வேறு திசையில் இருக்கும்படி போடுங்கள். இதையும் கரையில் வைத்துச் செய்யுங்கள். சுக்கான் தண்டிலும் இதே மாதிரி ஒன்று இருக்கும், படகின் கடைக்கோடியில் யாரும் பார்க்காத இடத்தில், அதனாலேயே அது பல வருடம் தொடப்படாமல் கிடக்கும்.

ஸ்டெர்ன்டிரைவ் படகென்றால் ரப்பர் பெல்லோஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இன்ஜின் உள்ளே, டிரைவ் வெளியே, நடுவில் பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை, அந்த ஓட்டைக்கும் தண்ணீருக்கும் இடையில் இருப்பது அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் துண்டு. டிரைவை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, தூக்கி வைத்து, மடிப்புகளை விரித்து உள்பள்ளத்தில் விளக்கடித்துப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் மடிப்பின் அடியில்தான் இருக்கும், விரிக்காமல் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். திரும்பும்போது பின்னாலிருந்து உறுமல் மாதிரி சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் போய் டிரைவ் தண்டைத் தாங்குகிற கிம்பல் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். தண்டு மூட்டை மூடுகிற பெரிய பெல்லோஸும் கியர் கேபிளை மூடுகிற சின்ன பெல்லோஸும் கிழிந்தால் தண்ணீர் படகுக்குள் வரும். சின்னதுதானே என்று கேபிள் பெல்லோஸை விட்டுவிடாதீர்கள், அதுவும் படகை மூழ்கடிக்கும். பழைய படகு வாங்கும்போது இவற்றை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு டிரைவைத் தூக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட வேண்டாம், மடிப்பு அப்படியே நிலைத்து வெடிக்கும்.

பம்பு ஓடி நின்ற கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தண்ணீர்

கசிவே இல்லாமலும் இப்படி நடக்கும். பம்பு நின்றதும் ஹோஸில் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கும், ஒன்றிரண்டு லிட்டர். தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைப் போடுகிற ஃப்ளோட் சுவிட்ச் அதைப் பார்த்து மறுபடியும் பம்பைப் போடும், மறுபடியும் இறங்கும், பேட்டரி தீரும் வரைக்கும் இதே கதை. ஹோஸை அளவுக்கு மேல் நீளமாக விடாமல் வெட்டி, உள்பக்கம் வழவழப்பான ஹோஸாக மாற்றினால் திரும்பும் தண்ணீர் குறையும்.

இதைவிட மோசமானது சைஃபன். பம்பின் வெளிவாய் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்து, ஆட்கள் ஏறியதும் அது தண்ணீருக்குள் போய்விட்டால், பம்பு ஒருமுறை ஓடி நின்ற பிறகு வெளியே இருக்கும் தண்ணீர் அதே ஹோஸ் வழியாக உள்ளே வர ஆரம்பிக்கும். பில்ஜ் பம்புக்குள் வால்வு கிடையாது, நின்றால் அது வெறும் திறந்த குழாய். ஹோஸை உயரத்தில் வளைத்து இறக்கி, உச்சியில் காற்று வாங்கும் பொருத்து ஒன்றைப் போடுங்கள், அல்லது வெளிவாயையே மேலே மாற்றுங்கள். ஒருவழி வால்வு போட்டால் போதும் என்று சொல்வார்கள். அதில் ஒரு குப்பை சிக்கினால் திறந்தே நிற்கும் அல்லது மூடியே நிற்கும், இரண்டுமே ஆபத்து, அதை நம்பிப் படகை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டேன்.

இன்ஜின் ஓடினால் மட்டும் ஏறுகிறது

அவுட்போர்டில் குளிரூட்டும் தண்ணீர் படகுக்குள்ளேயே வருவதில்லை, அதனால் அடுத்த பகுதிக்குப் போங்கள். இன்போர்டிலும் ஸ்டெர்ன்டிரைவிலும் வெளித் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைச் சுற்ற விட்டு வெளியே தள்ளுகிறார்கள், அந்தப் பாதையில் எங்கே விட்டுப்போனாலும் பில்ஜுக்குத்தான் வரும். கரையில் வைத்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் (புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்) இன்ஜினை ஓட விட்டு விளக்கோடு பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் அதற்கு முன் பில்ஜ் புளோயரை (உள்ளே தேங்கும் ஆவியை வெளியே தள்ளுகிற விசிறி) குறைந்தது நான்கு நிமிடம் ஓட விடுங்கள். சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையும் சட்டையும் போகக் கூடாது.

வெளித் தண்ணீரை உறிஞ்சுகிற இம்பெல்லர் பம்பின் உடலில் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம், துளையை அடைக்காதீர்கள், சீலை மாற்றுங்கள். வடிகட்டி மூடியின் கேஸ்கட், எக்ஸாஸ்ட் ஹோஸின் அடிப்பக்கம், இன்ஜின் பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் இருக்கும் வடிகால் திருகுகள், இவற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிர் உறையும் ஊரிலிருந்து வந்த படகென்றால் தண்ணீர் உறைந்து விரிந்து மேனிஃபோல்டில் முடி மாதிரி விரிசல் விட்டிருக்கலாம், அது சூடானதும்தான் கசியும், அதனால் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

வேகமாக ஓட்டினால், அலையில் போனால் மட்டும்

என் படகின் கதை இதுதான். கட்டியிருக்கும்போது ஒரு சொட்டும் வராது.

மேல்தட்டும் அடியுடலும் சேரும் விளிம்பை முதலில் சந்தேகப்படுங்கள். இரண்டும் தனித்தனி அச்சில் வார்த்து, ஒரு பெட்டி மூடி மாதிரி பொருத்தி, திருகோ ரிவெட்டோ அடித்து, மேலே ரப்பர் பட்டை போட்டிருப்பார்கள். பல படகுகளில் நடுவில் சீலண்ட் அங்கங்கே விட்டுப்போயிருக்கும், புதிதிலேயே. ரப்பரை உரித்து எடுத்துவிட்டுத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், சும்மா சுற்றுகிறதெல்லாம் பிடிப்பில்லாதது.

சோதிக்க உள்ளே ஒருவர் விளக்கோடு படுத்திருக்க வேண்டும், வெளியே ஒருவர் தண்ணீர் ஹோஸோடு. கீழிருந்து மேலே போங்கள், இது முக்கியம். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் கீழே இருக்கும் எல்லா இடுக்கிலும் நுழையும், எது ஓட்டை என்று தெரியாது. ஒரு கை நீளத்துக்கு மூன்று நான்கு நிமிடம் நின்று அடித்துவிட்டு நகருங்கள். நான் அவசரப்பட்டு ஓடி ஓடி அடித்தபோது ஒன்றும் தெரியவில்லை, ஒரே இடத்தில் பொறுமையாக நின்றபோதுதான் உள்ளே இருந்தவர் "நிறுத்து, வருது" என்று கத்தினார்.

அடுத்தது பின்பலகை. ஓட்டும்போது இன்ஜின் அதைத் தள்ளுகிறது, நின்றிருக்கும்போது மூடியிருக்கும் விரிசல் அப்போது வாயைத் திறக்கும். அவுட்போர்டைப் பாதி தூக்கி வைத்து, அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை வளைகிறதா, போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் பிதுங்குகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். சுத்தியல் கைப்பிடியால் தட்டினால் நல்ல பலகை டக் டக் என்று சொல்லும், அழுகியது தொப் தொப் என்று மந்தமாகச் சொல்லும். அழுகியிருந்தால் சீலண்டால் அதற்கு ஒரு பயனும் இல்லை, அந்த நிலையில் படகை ஓட்டவும் வேண்டாம்.

ஆழம் காட்டும் கருவியின் சென்சார், டிரிம் டேப் (படகின் சாய்வைச் சரி செய்யும் தகடு), ஏணி, இழுவை வளையம், இவையெல்லாம் பின்பலகையில் திருகியிருக்கும். முந்தைய சொந்தக்காரர் கழற்றி எடுத்த ஏதோ ஒன்றின் பழைய திருகுத் துளைகளும் அங்கே இருக்கும், வெறும் பெயிண்ட்டால் மூடியிருப்பார்கள். முன்னால் டிரெய்லர் கொக்கி மாட்டுகிற வளையத்தையும் பாருங்கள், அது இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்து, ஓட்டும்போது அலை நேராக அங்கேதான் மோதும்.

ஆட்கள் ஏறினால், பின்னால் கூடினால்

நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதாக நாம் நினைக்கும் துளை, நான்கு பேர் பின்னால் போய் நின்றதும் கீழே போய்விடுகிறது. இன்ஜின் கேபிள்கள் உள்ளே நுழையும் ரப்பர் உறை கிழிந்திருக்கலாம். தளத்துத் தண்ணீர் வெளியேறும் வடிகாலின் ஒருவழி மடல் குப்பை சிக்கித் திறந்து நிற்கலாம், அல்லது அந்த வடிகால் ஹோஸ் தரைக்கு அடியில் உடைந்திருக்கலாம், அப்போது வெளியே போக வேண்டிய தண்ணீரும் வெளியிலிருந்து வருகிற தண்ணீரும் சேர்ந்து பில்ஜில் விழும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஆட்களைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மூடியைத் திறந்து பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மீன் தொட்டி இருக்கும் படகென்றால் அதன் பம்பைப் போட்டும் ஒருமுறை பாருங்கள், தொட்டியின் வழிவுக் குழாய் உள்ளேயே கழன்று கிடப்பதுண்டு.

கரையிலேயே நிற்கிறது, ஆனாலும் தண்ணீர்

மழை. பத்துச் சதுர மீட்டர் திறந்த தளத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் நூறு லிட்டர். தூண்டில் செருகும் குழாய்கள், நங்கூரப் பெட்டியின் வடிகால், கண்ணாடித் தடுப்பின் அடிச்சட்டம், மூடிகளின் ரப்பர், இருக்கைத் திருகுகள். கடலோடிப் படகில் உப்பில்லாத தண்ணீர் என்றால் இவைதான். உப்பில்லாத தண்ணீர், மழையும் இல்லை, நன்னீர் பம்பு யாரும் குழாயைத் திறக்காமலே அவ்வப்போது டர் டர் என்று ஓடி நிற்கிறது என்றால் டாங்க் பக்கம் போங்கள்.

தண்ணீரே தெரியவில்லை, ஆனால் படகு கனமாகிவிட்டது

முன்பு ஓடிய வேகம் வரவில்லை, படகு பின்பக்கம் தாழ்ந்து மிதக்கிறது, கரையேற்றி இரண்டு மூன்று நாள் ஆகியும் பிளக் துளையிலிருந்து சொட்டு நிற்கவில்லை. தரைக்கு அடியில் அடைத்திருக்கும் நுரை தண்ணீரைக் குடித்துவிட்டது. எடைமேடையில் டிரெய்லரோடு நிறுத்தி, டிரெய்லர் எடையும் எரிபொருளும் கழித்துத் தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று தெரியும். தரையில் ஒரு சின்னத் துளை போட்டு, நுரையைக் கொஞ்சம் தோண்டி எடுத்துக் கையில் பிழிந்து பாருங்கள். ஊறிய நுரையைக் காய வைக்க முடியாது, தரையைத் திறந்து வெட்டி எடுக்கத்தான் வேண்டும். படகு இன்னும் வாங்கவில்லை என்றால், இந்த அறிகுறியைப் பார்த்தால் விலகிவிடுங்கள்.

எதுவுமே பிடிபடவில்லை என்றால்

சோதனையைத் தலைகீழாகச் செய்து பாருங்கள்: தண்ணீரை உள்ளே விட்டு, வெளியே எங்கே வருகிறது என்று பார்ப்பது. படகை டிரெய்லரில் நன்றாகத் தாங்கல் கொடுத்து நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்துக் காய வைத்து, பில்ஜில் சில அங்குல உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, முந்நூறு லிட்டர் விட்டால் முந்நூறு கிலோ, உடல் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அடியில் ஆள் படுக்கக் கூடாது. வெளியே ஈரம் வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அலுமினியப் படகில் ரிவெட் கசிவைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை, தளர்ந்த ரிவெட்டெல்லாம் வரிசையாகக் கண்ணீர் விடும். தளர்ந்ததை ஒருவர் உள்ளே இரும்புக் கட்டை பிடிக்க, இன்னொருவர் வெளியே தட்டி இறுக்கலாம். அது நிற்கவில்லையென்றால் துளைத்தெடுத்துவிட்டு, நுனி மூடிய அலுமினிய ரிவெட்டை சீலண்டில் தோய்த்து அடியுங்கள். நடுவில் துளையுள்ள சாதாரண பாப் ரிவெட் தண்ணீர் விடும். செம்பு, பித்தளைப் பொருள் எதையும் அலுமினியத்தோடு சேர்க்காதீர்கள், உப்புத் தண்ணீரில் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு வழி காற்று. மூடிகள், வடிகால்கள் எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு துளை வழியாக வாக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்து உள்ளே காற்றை விடுங்கள், வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் ஓட்டை. கம்ப்ரசர் வேண்டாம், அந்த அழுத்தத்தில் நல்ல இணைப்பும் பிளக்கும். பெட்ரோல் வாடை இருக்கும் படகில் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடைக்கும்போது

உள்பக்கத்திலிருந்து பூசாதீர்கள். உள்ளே அடைத்தால் தண்ணீர் வெளியிலிருந்து நுழைவது நிற்காது, நுழைந்தது வெளியேற முடியாமல் மரத்திலேயே தங்கி அழுக வைக்கும். பொருத்தைக் கழற்றுங்கள், பழைய சீலண்டைச் சுரண்டி எடுங்கள், அசிட்டோனால் துடையுங்கள், காய விடுங்கள், அப்புறம்தான் புதியது.

கட்டடத்துக்கு வாங்கிய சிலிகானை நீர்மட்டத்துக்குக் கீழே போடவே வேண்டாம், அது உரிந்து வருவதோடு அதன் எண்ணெய்ப் படலம் தங்கிப்போய் அடுத்துப் போடும் எதையும் ஒட்ட விடாது. கீழே பாலியூரித்தேன் வகை சீலண்ட் போடுங்கள். அதிலும் 3எம் 5200 மாதிரி நிரந்தரமாகப் பிடிப்பதை, இனி கழற்றவே போவதில்லை என்று உறுதியான இடத்தில் மட்டும் போடுங்கள், பின்னால் பிரிக்கும்போது ஃபைபரின் மேல்பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும். அது முழுதாக இறுக ஒரு வாரம் வரை ஆகும். மேல்தட்டில் இருக்கும் கொக்கிகளுக்கும் கைப்பிடிகளுக்கும் பியூட்டைல் டேப் (ஒட்டுகிற மென்மையான ரப்பர் நாடா) அருமையாக வேலை செய்கிறது. பாலிசல்ஃபைடு வகை சீலண்ட் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும், பிளாஸ்டிக் பொருத்து என்றால் டியூபில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

திருகுத் துளையின் வாயை லேசாகச் சரித்து அகலப்படுத்துங்கள், அந்தப் பள்ளத்தில் நிற்கும் சீலண்ட் ஒரு வளையமாக மாறும். நடுவில் மரமோ நுரையோ உள்ள பலகை என்றால் துளையைப் பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடியும் துளையிடுங்கள், பிறகு எப்போதாவது அந்த சீலண்ட் போனாலும் மரம் நனையாது. இறுக்கும்போது போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். சீலண்ட் முழுக்கப் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு முறுக்கினால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு நேரத்தில் ஒரே இடத்தை மட்டும் சரி செய்து சோதியுங்கள். ஐந்து இடத்தை ஒன்றாக அடைத்துவிட்டால் எது ஓட்டை என்று கடைசி வரை தெரியாது, அடுத்த வருடம் மறுபடியும் வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும். சீலண்ட் இறுகியதும் பில்ஜில் புது டிஷ்யூ துண்டுகளை வைத்து, படகைத் தண்ணீரில் இறக்கி, முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் எந்த நிலையில் முன்பு தண்ணீர் ஏறியதோ அதே நிலையில் ஓட்டுங்கள், அலையில் ஏறியதென்றால் அலையில், ஆட்களோடு என்றால் ஆட்களோடு. நான் விளிம்பைச் சரி செய்துவிட்டு, எதிர்க்காற்று நன்றாக அடித்த ஒரு மதியத்தில் அரை மணி நேரம் அலையை எதிர்த்து ஓட்டிவிட்டு வந்து பிளக்கைத் திறந்தேன். ஒரு கைப்பிடித் தண்ணீர் வந்தது, அதுவும் நங்கூரக் கயிற்றிலிருந்து வடிந்தது.